பழைய பிக்கப் டாப்பர்: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

பிக்கப் வண்டியின் பின் தொட்டிக்கு மேல் மூடி போல உட்காரும் ஃபைபர் கூட்டைத்தான் டாப்பர் என்கிறோம். கேனோபி என்று சொல்பவர்களும் உண்டு. பழையதாக வாங்கிய டாப்பர்களை எனக்கும் தெரிந்தவர்களுக்கும் பலமுறை சரிசெய்திருக்கிறேன். பெரும்பாலும் ஃபைபர் கூடு நன்றாகவே இருக்கும். அது வேறொன்றோடு சேரும் இடங்கள்தான் கெட்டிருக்கும்: தொட்டி விளிம்பின் மேல் உட்காரும் ஃபோம் டேப், ஜன்னலைச் சுற்றிய சீல், கூரையில் யாரோ போட்ட ஸ்க்ரூ, கதவின் கீல்.

டாப்பர் வீட்டுக்கு வந்ததும் பலர் முதலில் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறார்கள். அப்புறம் மழை வருகிறது, உள்ளே ஒழுகுகிறது, ஜன்னலைக் கழற்றுகிறார்கள், புதுப் பெயின்ட் கீறிப்போகிறது. முதலில் டாப்பர் தொட்டியின் மேல் ஒழுங்காக உட்கார வேண்டும். அடுத்தது தண்ணீர், அதற்கடுத்து விரிசல். மினுமினுப்பு கடைசியில்தான். கீழே உள்ளவற்றையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

கழற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஃபைபர் டாப்பர் பொதுவாக 70 முதல் 100 கிலோ வரை எடை இருக்கும். நான்கு பேர் இல்லாமல் தூக்காதீர்கள். பிரேக் லைட் வயரைக் கழற்றிவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள். இறக்கியதைச் சமதளத்தில், பழைய டயர் மேலோ மரக்கட்டை மேலோ நான்கு மூலையும் தாங்கும்படி வையுங்கள். மேடு பள்ளமான தரையில், வெயிலில், மாதக்கணக்கில் கிடந்தால் பக்கச் சுவர்கள் விரிந்துபோகும். பிறகு எந்தக் கதவும் நேராக மூடாது.

## வண்டி ஓடும்போது தட்டும் சத்தம், அல்லது டாப்பர் நகர்கிறது

கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். டாப்பரின் உள் விளிம்பையும் தொட்டி விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்புகள் சிறிய டாப்பரில் நான்கும், நீளமானதில் ஆறும் இருக்கும். ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் சின்ன ஸ்பேனரால் இறுக்குங்கள். நீளமான கைப்பிடி உள்ள ஸ்பேனர் வேண்டாம். ஃபைபர் விளிம்பு அளவுக்கு மீறிய அழுத்தத்தைத் தாங்காது. நான் பார்த்த விளிம்பு விரிசல்களில் பல, யாரோ பலம் காட்டி இறுக்கியதால் வந்தவை. முன்னால் இடது, பின்னால் வலது என்று குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இறுக்கியும் சில நாளில் தளர்கிறது என்றால் விளிம்பின் கீழே உள்ள ஃபோம் டேப் நசுங்கிச் செத்துவிட்டது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். மீண்டு எழாமல் பள்ளமாகவே நின்றால் மாற்றிவிடுங்கள். புது டேப் ஒட்டும்போது மூலையில் வெட்டி ஒட்டாமல், வளைத்து ஒரே துண்டாகக் கொண்டுபோக வேண்டும். இணைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் அது பின்பக்கம், டெயில்கேட்டுக்கு (தொட்டியின் பின்பக்கம் திறக்கும் பலகை) அருகே வரட்டும். ஓடும்போது முன்பக்க மழைதான் பலமாக அடிக்கும்.

டேப் புதிது, கிளாம்பும் சரி, ஆனாலும் ஒரு மூலை தூக்கி நிற்கிறது. தொட்டியின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் அந்த மூடியின் மேடுதான் டாப்பரை உட்கார விடாமல் தடுக்கிறது. மூடி இல்லையென்றால், டாப்பர் வேறு மாடலுக்குச் செய்ததாக இருக்கலாம். அரை விரல் இடைவெளி வரை தடித்த டேப் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் அந்த டாப்பர் அந்த வண்டிக்கு உரியதில்லை. அதற்கு மேலும் செலவு செய்வதைவிடப் பொருத்தமானவருக்குக் கைமாற்றிவிடுவது நல்லது.

## மழைக்குப் பிறகு உள்ளே ஈரம்

அதிகமானவர்கள் தடுமாறுவது இங்கேதான். தண்ணீர் உள்ளே நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஒரு டாப்பரில் முன்பக்க இடது மூலையில் எப்போதும் ஈரம் தேங்கியது. முன் ஜன்னல்தான் காரணம் என்று நினைத்து இரண்டு முறை கழற்றிச் சீல் போட்டேன். ஈரம் நிற்கவில்லை. மூன்றாவது முறை உள்ளே டார்ச்சோடு மல்லாந்து படுத்துக்கொண்டு, வெளியே ஒருவரை ஹோஸ் பிடிக்கச் சொன்னேன். முன் ஜன்னல் காய்ந்தே இருந்தது. பின்னால், கூரையின் நடுவில், பிரேக் லைட்டின் ஸ்க்ரூ முனையில் ஒரு துளி ஊறியது. அது கீழே விழவில்லை. ஸ்க்ரூவின் மரையைச் சுற்றி வந்து, கூரையின் உள் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டி முன்பக்கம் சரிந்து நின்றதால் மெதுவாக முன்னோக்கி ஓடி, ஐந்தடி தள்ளிப் போய்ச் சொட்டியது. ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே வாஷர் வெடித்திருந்தது. இரண்டு வாஷரும் விரல் நீளம் பியூட்டைல் டேப்பும் (பிசின் போல ஒட்டும் ரப்பர் சீல் டேப்) போதுமாக இருந்தது.

அதனால் எதையும் கழற்றும் முன் சோதித்துப் பாருங்கள்.

சோதனை. உள்ளே நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். சந்தேகப்படும் இடங்களுக்குக் கீழே டால்கம் பவுடரைத் தூவுங்கள், அல்லது சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர் வந்த வழி அதில் தடமாகத் தெரியும். ஹோஸை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலே வாருங்கள்: முதலில் தொட்டி விளிம்பு, அப்புறம் பின் கதவு, அப்புறம் ஜன்னல், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது. அழுத்தமாகப் பீய்ச்சும் பம்ப் வேண்டாம். நல்ல சீலுக்குள்ளும் அது தண்ணீரைத் தள்ளிவிடும்.

### தண்ணீர் டெயில்கேட் பக்கம் வந்தால்

இது பெரும்பாலும் டாப்பரின் குற்றமே இல்லை. பிக்கப் தொட்டியை நீர் புகாதபடி யாரும் செய்வதில்லை. டெயில்கேட்டின் இரு பக்கமும் கீழும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அங்கே ஒட்டுவதற்கென்றே ரப்பர் பீடிங் கிடைக்கிறது. அதை ஒட்டுவதற்கு முன் டாப்பரின் பின் கதவு டெயில்கேட்டின் மேல் விளிம்பில் அழுத்தமாக உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு பேப்பர் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி, இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சீல் தொடவில்லை.

### சறுக்கு ஜன்னலின் கீழே வந்தால்

முதலில் வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள். ஜன்னல் சட்டத்தின் வெளிப்பக்கக் கீழ் விளிம்பில் சின்னப் பிளவுகள் இருக்கும். சட்டத்துக்குள் விழும் மழைநீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். அதில் மண்ணும் பாசியும் அடைத்தால் தண்ணீர் நிரம்பி உள்ளே வழியும். மெல்லிய கம்பியும் பழைய டூத் பிரஷும் போதும். யாரோ ஒழுகுகிறதே என்று அந்த ஓட்டைகளையே சிலிக்கான் வைத்து அடைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதைச் சுரண்டி எடுத்ததும் ஒழுகல் நின்றது.

### ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வந்தால்

பெரும்பாலான டாப்பர்களில் ஜன்னல் வெளியிலிருந்து ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு வளையம் அதை ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடிக்கும். முதலில் அந்த ஸ்க்ரூக்களைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நின்றால் அதோடு முடிந்தது.

நிற்கவில்லையென்றால் கழற்ற வேண்டும். வெளியே ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, உள்ளிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். பழைய சீலைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கும் போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடையுங்கள். புது பியூட்டைல் டேப்பைச் சட்டத்தின் விளிம்பில் சுற்றிலும் ஒட்டுங்கள், இணைப்பு கீழே வரட்டும். மறுபடி உட்கார வைத்து எதிரெதிர் ஸ்க்ரூக்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு முறை இறுக்கி, வெளியே வழிந்ததை வெட்டிவிடுங்கள்.

சீல் போட எதைப் பயன்படுத்தினாலும் சிலிக்கான் மட்டும் வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மலிவு, கையில் இருக்கிறது, ஒரு வருடம் தாங்கவும் செய்யும். ஆனால் அது ஒருமுறை பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, வேறு சீலன்ட் ஒட்டாது, புதுச் சிலிக்கானே கூட ஒழுங்காக ஒட்டாது. டாப்பரில் பட்டிருந்தால், பெயின்டுக்கு முன் முழுவதும் எடுக்கும் வேலை மற்ற எல்லா வேலையையும்விடப் பெரியது.

### கூரையிலிருந்து வந்தால்

கேரியர் போல்ட், பிரேக் லைட், பழைய ஆன்டெனா போட்டிருந்த ஓட்டை என்று வரிசையாகப் பாருங்கள். போல்ட்டை எடுத்து, ஓட்டையைச் சுற்றி பியூட்டைல் வைத்து, ரப்பர் வாஷரோடு திருப்பிப் போடுங்கள். யாரும் பயன்படுத்தாத ஓட்டையை ரெசின் (ஃபைபரோடு சேர்ந்து இறுகும் பிசின்) வைத்து நிரந்தரமாக மூடலாம், முறை விரிசல் பகுதியில் இருக்கிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஜன்னல் அலுமினியச் சட்டத்தின் மூலை இணைப்பே பிளந்திருந்தால், அல்லது கண்ணாடியே சட்டத்திலிருந்து ஆடினால்.

## பின் கதவு மூடவில்லை, அல்லது பூட்டு சுற்றவில்லை

சாவி மட்டும் கடினமாகச் சுற்றினால் கிராஃபைட் பொடி போடுங்கள். எண்ணெய் போட்டால் முதல் வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் தூசியைப் பிடித்து இறுகிவிடும்.

கைப்பிடி சுற்றுகிறது, கதவு பிடிக்கவில்லை என்றால் உள்ளே பாருங்கள். கைப்பிடியிலிருந்து இரண்டு பக்கத் தாழ்களுக்கும் மெல்லிய கம்பிகள் போகும். ஒன்று வளைந்திருக்கும், அல்லது அதன் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து தொங்கும். கம்பியை நிமிர்த்துவதும் கிளிப் மாற்றுவதும் கால் மணி நேர வேலை.

இரண்டும் சரி, ஆனால் ஒரு பக்கம் மட்டும் தாழ் ஏறவில்லை என்றால், கதவில் கை வைக்கும் முன் கிளாம்புகளைத் தளர்த்தி டாப்பரை நேராக்குங்கள். டாப்பர் ஒரு பக்கம் விரலளவு நகர்ந்திருந்தாலும் தாழ் தவறிவிடும். பக்கவாட்டு இடைவெளியை இரண்டு புறமும் அளந்து சமமாக்குங்கள். அதற்குப் பிறகும் தவறினால், தாழ் மாட்டும் தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்தலாம்.

கண்ணாடியில் நேரடியாகப் போல்ட் போட்டு மாட்டிய கீலாக இருந்தால் மிகவும் கவனம். அது டஃபன்ட் கண்ணாடி. ஓட்டையின் விளிம்பில் உலோகம் பட்டாலோ போல்ட்டை ஒரு சுற்று அதிகம் இறுக்கினாலோ முழுக் கதவும் ஒரே நொடியில் பொடியாகிவிடும். நைலான் வாஷர் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்த்து, விரலால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் போடுங்கள். இந்தக் கண்ணாடியில் புதிதாகத் துளை போடவே முடியாது. கண்ணாடியின் விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் போகும். கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து மாற்றிவிடுங்கள்.

## தூக்கிய கதவு கீழே இறங்கிவிடுகிறது

கேஸ் ஷாக் (கதவைத் தாங்கும், வாயு நிரப்பிய தண்டு) போய்விட்டது. குளிர் நேரத்தில் மட்டும் இறங்கினால் பலம் குறைந்திருக்கிறது, எப்போதும் இறங்கினால் வாயுவே இல்லை. அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றுவதுதான். அதன் உடலில் நியூட்டன் கணக்கில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். 200 என்றால் சுமார் 20 கிலோ பலம். அந்த எண்ணையும், முழுதாக நீட்டிய நிலையில் முனைக்கு முனை நீளத்தையும் எடுத்துக்கொண்டு போனால் எந்த உதிரிபாகக் கடையிலும் பொருத்தமானது கிடைக்கும். எண் அழிந்திருந்தால், பலம் அதிகமானதை வாங்காதீர்கள். கண்ணாடிக் கதவை அது வளைத்து உடைத்துவிடும்.

இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஆனால் கழற்றும்போது ஒவ்வொன்றாக, கதவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு. கதவு மூடியிருக்கும்போது மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் உள்ளே உள்ள எண்ணெய் சீலை நனைத்தபடி இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். பழையதை வெட்டவோ துளைக்கவோ சூடாக்கவோ கூடாது, உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும்.

## உள்ளே தூசி, அல்லது புகை நாற்றம்

வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்த வெற்றிடம் தூசியையும் சைலன்சர் புகையையும் உள்ளே இழுக்கும். தூசி மட்டும் என்றால் டெயில்கேட் பீடிங்கும் பேப்பர் துண்டுச் சோதனையும் போதும். முன்பக்க ஜன்னலையோ காற்றுத் துவாரத்தையோ கொஞ்சம் திறந்து வைத்தால் உள்ளழுத்தம் ஏறித் தூசி குறையும்.

புகை நாற்றம் வந்தால் விஷயம் வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. நாற்றம் வரும் அளவுக்குப் புகை நுழைகிறது என்றால் அதுவும் சேர்ந்தே நுழைகிறது. டாப்பருக்குள் மனிதரையோ நாயையோ ஏற்றாதீர்கள், பின் கதவைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். சைலன்சர் குழாயை மெக்கானிக்கிடம் காட்டிய பிறகுதான் மற்ற வேலை.

## டாப்பரின் பிரேக் லைட் எரியவில்லை

பல்பு, கனெக்டரில் பச்சை பூத்த முனை, எர்த் வயர், ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்று இருந்தால் பத்து நிமிட வேலை. ஃபைபர் மின்சாரம் கடத்தாது என்பதால் எர்த்துக்குத் தனி வயர் தொட்டியின் உலோகம் வரை வர வேண்டும். பழைய டாப்பரில் பெரும்பாலும் அதுதான் அறுந்திருக்கும். எல்இடி லைட் மாட்டினால் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

பிரேக் மிதித்தால் ஃபியூஸ் போகிறது, டாப்பரின் கனெக்டரைக் கழற்றினால் போகவில்லை என்றால், வயர் விளிம்புக்கும் டாப்பருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மாற்றும் வரை கழற்றியே வையுங்கள். கழற்றியும் ஃபியூஸ் போனால் அது வண்டியின் வயரிங், எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

## விரிசல்

எல்லா விரிசலும் ஒன்றல்ல. மேலே ஜெல்கோட் என்ற பூச்சு சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும், அதற்குக் கீழேதான் ஃபைபர். விரிசல் எதுவரை போகிறது என்பதைப் பொறுத்துத்தான் செலவு.

சோதனை. விரிசலின் இரு பக்கமும் கட்டை விரலால் மாறிமாறி அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் அடி வரை போயிருக்கிறது. உள்பக்கம் டார்ச் அடித்து, அதே இடத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறதா பாருங்கள். அப்புறம் ஒரு நாணயத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று தொப்பென்று மாறினால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள்.

### சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள், அழுத்தினால் அசைவில்லை

ஜெல்கோட் மட்டும் வெடித்திருக்கிறது. மேலே பட்டி தடவினால் ஒரு வருடத்தில் அதே கோடு திரும்ப வரும். ஒவ்வொரு கோட்டையும் சின்ன கிரைண்டர் முனையால் வி வடிவத்தில் திறந்து, அசிட்டோனால் துடைத்து, ஜெல்கோட் பேஸ்ட் வைத்து நிரப்புங்கள். ஜெல்கோட் காற்றுப் படும் பக்கம் ஒட்டும் பிசுக்காகவே நிற்கும். மேலே பாலித்தீன் தாள் ஒட்டி மூடினால் இறுகிவிடும். பிறகு 320, 600, 1000 என்று வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) இறக்கலாம். கோடுகள் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல இருந்தால், முதலில் அந்தப் போல்ட்டைத் தளர்த்தி அகலமான வாஷர் போடுங்கள். காரணம் அங்கே இருக்கும்போது பூச்சு நிற்காது.

### அடி வரை போன விரிசல், அல்லது மூட வேண்டிய ஓட்டை

உள்பக்கத்திலிருந்துதான் பலம் சேர்க்க வேண்டும். முதலில் விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. உள்ளே கார்ப்பெட் இருந்தால் உரித்துவிடுங்கள். 60 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள்: கூடு 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 4 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சரிவு வேண்டும். பலரும் இங்கேதான் சிக்கனம் பிடிக்கிறார்கள். சரிவு குறுகலாக இருந்தால் ஒட்டு மேலோட்டமாகத்தான் நிற்கும்.

வெளிப்பக்கம் மெழுகுத் தாள் ஒட்டிய அட்டையை டேப் போட்டு நிறுத்துங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட்டை ஒன்றைவிட ஒன்று பெரியதாக மூன்று துண்டு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழித்தால் ஓரம் நன்றாக மடங்கும். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும். பாலியெஸ்டர் ரெசின் 100 கிராமுக்குக் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 1 முதல் 2 கிராம், டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். அதிகம் ஊற்றினால் சூடேறிப் புகைந்து நொறுங்கும் தன்மைக்குப் போகும். பிரஷால் தேய்க்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். நனைந்த மேட் கண்ணாடி போலத் தெளியும், பால் நிறமாக நிற்கும் இடத்தில் காற்று இருக்கிறது, அதைக் குத்தி வெளியேற்றுங்கள்.

எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசினைப் பயன்படுத்துவதாக இருந்தால் இந்த மேட் வேண்டாம், நெய்த ஃபைபர் துணி வாங்குங்கள். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரையும், எபாக்ஸியில் கரையாது. எபாக்ஸி மேல் மறுபடி பாலியெஸ்டர் பூசினாலும் சரியாக ஒட்டாது. அதனால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே முடியுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி மூக்கின் மேல் இருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். தனியாக ஆக்ஸிலரேட்டர் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) வாங்கியிருந்தால் அதையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் ஆக்ஸிலரேட்டரை ரெசினில் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். தேய்க்கும்போது முகமூடி, முழுக்கைச் சட்டை. உடம்பில் பட்ட ஃபைபர் தூளைக் குளிர்ந்த நீரில் முதலில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கிளாம்ப் பிடிக்கும் விளிம்பே பிளந்திருந்தால். கூரையில் சுமை ஏற்றும் கேரியரின் கால் அருகே விரிசல் இருந்தால். பென்சிலால் வரைந்த எல்லை உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால். ஓடும் வண்டியிலிருந்து டாப்பர் பிய்த்துக்கொண்டு போனால் பின்னால் வருபவருக்குத்தான் ஆபத்து. படகு வேலை செய்யும் ஃபைபர் ஆட்கள் இதற்குப் பொருத்தமானவர்கள்.

## நிறம் மங்கி, தொட்டால் வெள்ளைப் பொடி

முதலில் மேலே இருப்பது ஜெல்கோட்டா பெயின்டா என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத மூலையில் 600 தாளால் விரல் நுனி அளவு தேயுங்கள். வேறு நிறத்தில் ஒரு பிரைமர் வளையம் தெரிந்தால் பெயின்ட். ஒரே நிறம் தொடர்ந்து வந்தால் ஜெல்கோட். தின்னர் நனைத்த துணியில் நிறம் கரைந்து வந்தால் யாரோ ஸ்பிரே டப்பாவில் அடித்தது, அதன் மேல் எந்த வேலையும் நிற்காது, முழுக்க எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் பழைய நிறம் பளிச்சென்று திரும்பி வந்தால் பாலிஷிலேயே மீட்கலாம். நனைந்தும் திட்டுத்திட்டாக இருந்தால் பூச்சு தேய்ந்து போயிருக்கிறது.

மீட்கக்கூடியது என்றால் கழுவி, மெழுகு நீக்கி, முதலில் கட்டிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை மட்டும் போட்டு இரண்டடிக்கு இரண்டடி சோதித்துப் பாருங்கள். நிறம் வராவிட்டால் 1000 வாட்டர் பேப்பர், பிறகு 1500, 2000, பிறகு காம்பவுண்ட், பிறகு பாலிஷ், கடைசியில் மெழுகு. மெழுகை விட்டுவிட்டால் பொடி மீண்டும் விரைவில் வந்துவிடும். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். விளிம்புகளில் ஜெல்கோட் மெல்லியதாக இருக்கும், அங்கே கையால் மட்டும். தேய்க்கும்போது ஃபைபர் இழை போன்ற வடிவம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

## கிளியர் கோட் உரிகிறது

கிளியர் கோட் என்பது நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு. அது உரிந்தால் பாலிஷ் போட்டு மீட்க முடியாது. உரிந்த விளிம்பு விரலில் தட்டுப்படாத வரை 320 தாளால் சரித்து, பிரைமர் அடித்து, நிறம், கிளியர் என்று போக வேண்டும். ஒரு பேனலில் கை அகலத்துக்கு உரிந்திருந்தால் மீதியும் சீக்கிரம் உரியும். துண்டு துண்டாகச் சரிசெய்வதற்குச் செலவிடுவது வீண்.

ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கும். சாதாரண முகமூடி அதற்குப் போதாது, மூச்சுக்குத் தனிக் காற்றுக் குழாய் வேண்டும். அதனால் அந்த வகையை வீட்டில் அடிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தேய்ப்பதும் பட்டி வைப்பதும் நீங்களே செய்து, தயாரான கூட்டைப் பெயின்டரிடம் கொண்டுபோங்கள். உழைப்பில் பெரும்பகுதி அந்தத் தயாரிப்புதான், செலவு கணிசமாகக் குறையும்.

அதற்கும் கையில் காசில்லை என்றால், ஹார்டனர் வேண்டாத எனாமலை ஃபோம் ரோலரால் மெல்லிய மூன்று கோட்டாகப் பூசலாம். கோட்டுக்குக் கோட்டு முழுக்கக் காய விட்டு 600 தாளால் லேசாகத் தேயுங்கள். கண்ணாடி போல வராது, ஆனால் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து நன்றாக இருக்கும், வெயிலிலிருந்தும் காக்கும். கீறல் நிறைந்த டாப்பர் என்றால் தொட்டிக்குப் பூசும் சொரசொரப்பான லைனர் பூச்சை மேலே போடுவதும் நல்ல யோசனை. மேடு பள்ளத்தை நன்றாக மறைக்கும்.

## புதுப் பெயின்டில் வட்ட வட்டமாகக் குழி

சிலிக்கான் அல்லது மெழுகு மிச்சம். ஈரத்தின் மேல் இன்னும் பெயின்ட் ஊற்றாதீர்கள். காய விட்டு, தேய்த்து இறக்கி, மெழுகு நீக்கும் திரவத்தில் நனைத்த ஒரு துணியால் துடைத்து, அது காயும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் எடுங்கள். ஒரே துணியால் தேய்த்தால் அழுக்கைப் பரப்புகிறீர்கள். பிறகு சுத்தமான தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படலமாகப் படிந்தால் தயார், துளிகளாகத் திரண்டால் இன்னொரு சுற்று.

பூச்சு நன்றாக இறுக ஒரு வாரமாவது கொடுத்துவிட்டு டாப்பரை ஏற்றுங்கள். புது ஃபோம் டேப்பை டாப்பரின் அடியில் ஒட்டுங்கள், தொட்டி விளிம்பில் ஒட்டினால் ஏற்றும்போது உரசிச் சுருண்டுவிடும். பக்க இடைவெளியை அளந்து, பிரேக் லைட் வயர் விளிம்பில் சிக்கவில்லை என்று பார்த்து, கிளாம்புகளைக் குறுக்காக இறுக்குங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டேப் அமுங்கியிருக்கும். அப்போது ஒவ்வொரு கிளாம்பையும் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, ஹோஸ் சோதனையைக் கீழிருந்து மறுபடி செய்து பாருங்கள்.